தற்போதைய பயன்பாடு

கட்டடத்தின் பெயர்?
உல்லந்துரை பங்களா என்கிறது ஊர்.
வில்லியம் என்று யாரோ இருந்திருக்கலாம்.
இருநூறு ஆண்டு வெற்றிலை மென்ற வாய்களில்
பெயர் இப்படிச் சிவந்துவிட்டது.

உரிமையாளர்?
மயிலாடுதுறை நீதிமன்றத்தில் பதினான்கு பேர்.
இருவர் காலமானார்கள். வழக்கு நலம்.

கூரை, கட்டைக்குத்து. உத்திரம், பர்மாத் தேக்கு.
நடனக்கூடம் என்று பழைய வரைபடம் சொல்லும் அறையில்
நாற்பது கிலோ மூட்டைகள்
விதானம் வரை அடுக்கி நிற்கின்றன.
வாசலில் பலகை: நேரடி நெல் கொள்முதல் நிலையம்.
தோளில் மூட்டையோடு நின்ற அபூசாலி
நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தார்.
நீளம் நாற்பத்தோரடி என்று எழுதினேன்.
அகலத்துக்கு வழியில்லை. நெல் விடவில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் தேவாலயம்.
கட்டியது அதே துரை. கொத்தனாரும் அதே ஆள்தான்;
இரண்டு இடத்திலும் சன்னல் வளைவு
இடப்புறம் அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது.
கண்ணில் கோளாறோ, கூலியில் கோளாறோ.

பீடத்துக்கு முன்னால், தரையில், துரை.
கல்லில் ஆங்கிலம் எட்டு வரி.
தமிழில் ஒரே சொல்: நீதிமான்.
அவன் காலத்துக் கிஸ்திக் கணக்கை
நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன்.
ஆறு வறண்ட வருஷத்திலும்
ஒரு கலம் தள்ளுபடி இல்லை.

மூன்று மணிக்குக் கடல் பக்கம் கறுத்தது.
ஐப்பசி.
பதினோரு நாளாகச் சாலையோரம் குறுவைக் குவியல்கள்.
பக்கிரிசாமியின் நெல்லில் ஈரப்பதம் பத்தொன்பது;
பதினேழுக்கு இறங்கினால்தான் எடுப்பார்கள்.
அந்த இரண்டு புள்ளிக்காக
வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தவர்
இப்போது தார்ப்பாயைப் பார்த்தார்.
அது பாதிக் குவியலுக்குத்தான் காணும்.

போதகர் பொறையாறு போயிருந்தார்.
யேசடியான் யாருக்கும் போன் செய்யவில்லை.
கல்யாணத்துக்குக்கூடத் திறக்காத
பெரிய கதவின் மறுபாதியைத்
தோளால் இடித்துத் திறந்தார்.
என்னைப் பார்த்து,
"அளந்தது போதும்மா, அந்தக் கூடையை எடு."

எடுத்தேன்.
பெஞ்சுகளுக்கு நடுவே, ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி,
முழங்கால் போடுகிற இடமெல்லாம் நெல்.
கூடையில், சாக்கில், தலைப்பாகைத் துண்டில்,
ஒருமுறை என் துப்பட்டாவில்.
இடம் தீர்ந்ததும் துரையின் மேல்.
கடைசிக் கூடையைக் கல்லில் கவிழ்த்துவிட்டு
"அளந்துக்குங்க தொரை" என்றார் பக்கிரிசாமி.
கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை.
அப்புறம் நிறுத்த முடியவில்லை.

இரவு முழுக்க மழை.
கூரை ஒழுகுவது அந்தக் கல்லுக்கு நேராக;
யேசடியான் ஒரு வாளி வைத்தார், அது நிரம்பிக்கொண்டே இருந்தது.
தூக்கம் வராமல் டார்ச் அடித்து
என் கருவியின் ஊசியைச் சுவரில் குத்தினேன்.
இருபத்திரண்டு.
"அப்படின்னா இந்தக் கோயிலையும்
எடுத்துக்க மாட்டாங்க" என்றார் பக்கிரிசாமி.

பத்தி பன்னிரண்டு: தற்போதைய பயன்பாடு.
வழிபாடு என்று எழுதினேன்.
பக்கத்தில் ஒரு காற்புள்ளி போட்டேன்.
அதற்குமேல் எழுதாமல் அனுப்பிவிட்டேன்.

நெல்லை அள்ளிப்போய்ப் பத்து நாள் கழித்து
விட்டுப்போன படங்களை எடுத்தேன்.
தையில் சென்னையிலிருந்து பதில்:
புகைப்படம் எண் 9 ஏற்கப்படவில்லை.
கல்வெட்டின் எழுத்துகளுக்குள்
பச்சையாக ஏதோ முளைத்திருக்கிறது.
கடைசி ஒரு சொல் படிக்கவே முடியவில்லை.
சுத்தம் செய்து, மீண்டும் எடுத்து அனுப்பவும்.