கோப்புப் படம்

எட்டரைக்குள் பக்கம் போயாக வேண்டும்.
ஐந்தாம் பக்கச் செய்திக்குப் படம் இல்லை.
‘கருக்கலைப்பு’ என்று தட்டிவிட்டு
கோப்பியை ஆற்றுகிறேன்.

வந்து நிற்கிறார்கள்
தலையில்லாத பெண்கள்.

கழுத்தோடு நறுக்கியவர்கள்,
மூக்குக்குக் கீழே தொடங்குகிறவர்கள்.
எல்லாருக்கும் எட்டு மாத வயிறு.
வயிற்றின் மேல் இரண்டு கை.
விரலில் மோதிரம் இல்லை என்பது
தெரியும்படி விழுகிற வெளிச்சம்.

செய்தியில் இருப்பது ஏழு வாரம்.
ஏழு வாரத்து வயிறு
மத்தியானம் சாப்பிட்டதை மட்டும்தான் காட்டும்.

இன்னும் கீழே.
சன்னலோரம் ஒருத்தி, வெளியே மழை.
அடுத்த சன்னலில் வேறொருத்தி, அதே மழை.
கோலாலம்பூரில் நாலு மணி மழை
கலைத்தவள் கலைக்காதவள் பார்த்தா பெய்கிறது?

கைவிலங்கு. நீதிபதியின் சுத்தியல்.
ஐம்பது காசு அகலத்தில் ஒரு பாதம்.
அது பிறந்து, வீட்டுக்குப் போன பாதம்.
படம் எடுத்தவனின் மகளாக இருக்கும்,
இந்நேரம் காலணி வாங்கித் தரச்சொல்லி
அடம்பிடித்துக்கொண்டிருப்பாள்.

தணிகாசலம் சார் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.
“மொகம் தெரியாததாப் பாத்துப் போடும்மா.
நம்ம பொம்பளைங்க மாதிரியும் இருக்கக்கூடாது,
நாளைக்கு போன் வரும்.
அழுதா நல்லது.”
யார் அழுதால் என்று நான் கேட்கவில்லை.

யோகமலர் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், நான்காவது பத்தியில்:
உடலுக்கோ மனத்துக்கோ கேடு என்று
மருத்துவர் கருதினால் சட்டம் தடுப்பதில்லை.
நான்காவது பத்திவரை யார் வருகிறார்கள்?
பசியாறும் மேசையில் பேப்பரை விரித்ததும்
கண் போய் விழுவது கைவிலங்கில்.

என்னிடம் ஒரு படம் இருக்கிறது.
யாரும் எடுக்காதது.

செந்தூல், செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில்.
கீழே டயர்க் கடை, மாடியில் கிளினிக்.
ஊதா பிளாஸ்டிக் நாற்காலி, என் எண் பதினேழு.
சுவரில் சர்க்கரை நோய் பற்றி மூன்று மொழியில்.
மடியில் சின்னவனின் பள்ளிச் சட்டை.
நேரம் போகுமே என்று
பொத்தான் தைக்கக் கொண்டுபோயிருந்தேன்.
எதிரே ஒரு மலாய்க்காரப் பெண்ணும் புருஷனும்
ஒரே போனைப் பார்த்துச் சிரித்தார்கள்.
எதற்கு வந்தார்களோ.
என்னைப் பற்றியும் அவர்கள்
அப்படித்தான் நினைத்திருப்பார்கள்,
நினைத்திருந்தால்.

தாதி கேட்டாள், “சாப்ட்டீங்களா?”
அப்புறம் பெயர். அப்புறம் கையெழுத்து,
என்னுடையது, என் கையால்.
எழுநூறு வெள்ளி. ரசீதில் ‘சிகிச்சை’ என்று மட்டும்.
இறங்கி வந்து மீ கோரிங் வாங்கினேன்,
இரண்டு பொட்டலம், ஒன்று உறைப்பில்லாமல்.

அழுதாயா என்றால், அழுதேன்.
அது வியாழக்கிழமை.
வாடகை விஷயமாக.

இதை என்ன சொல் தட்டினால் எடுக்கலாம்?
‘நாற்காலி’ தட்டினேன். ஊதாவே கிடைத்தது.
சார் சிரித்துவிட்டார்.
“என்னம்மா இது, கல்யாண மண்டபமா?”

எட்டு இருபது.
சரி, மழைக்காரியே போகட்டும்.
வெட்டாத மூலப்படத்தைத் திறக்கிறேன்.
அட, இவளுக்கு முகம் இருக்கிறது.
எந்த ஊர்க்காரியோ.
அழவில்லை.
கொட்டாவி வருவதற்கு ஒரு நொடி முந்திய முகம்,
விளக்குச் சூட்டில் நெற்றி வேர்த்து,
எப்போது முடியும், எப்போது காசு தருவார்கள்
என்று கேட்கிற முகம்.

சட்டத்தை மேலே இழுக்கிறேன்.
தாடை வந்தது. உதடு வந்தது.
அதற்கு மேல் தலைப்பு இடிக்கிறது,
கறுப்பில், ஐந்து பத்தி அகலத்தில்.
தலைப்பைக் குறைத்தால்
தலை கொள்ளும்.

சார் தொழுகைக்குப் போன ஓட்டுநரை
வராந்தாவில் தேடிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு புள்ளி குறைக்கிறேன்.
மூக்கு.
இன்னும் நான்கு.
எட்டு இருபத்தொன்பது.
கண்.