எண்பதில் நிற்கும்

பத்துகாணிக்கு ஏறும்போது வெறும் வண்டி.
மடித்துப்போட்ட பின்சீட்டில்
ஒரு தராசு, ஒரு கட்டுச் சாக்கு.
இறங்கும்போது
முந்நூறு கிலோ ரப்பர் ஷீட்டும்
ஒட்டுப்பால் நாற்றமும்.
லீமா றோஸ் இதில் கோயிலுக்கு வரமாட்டாள்,
"பிரசங்கம் பாதியில் நிற்கும்" என்பாள்.

ஏற்றம் தின்னும், அது தெரிந்த கதை.
இறக்கத்தில் காலை எடுத்துவிட்டால்
சரக்கின் கனமே சக்கரத்தை உருட்டி
மோட்டாரைக் கறக்கும்.
கடையாலுமூடு வருவதற்குள்
ஒரு சதவீதம், சில நாள் இரண்டு,
கூடியிருக்கும்.
பெட்ரோல் ஊற்றிய காலத்தில்
எந்த இறக்கமும் எனக்கு எதுவும் தந்ததில்லை,
தேய்ந்த பிரேக் கட்டையைத் தவிர.

அருமனை தாண்டினால்
அதே கனம் கடன்காரன்.
கொடுத்ததை மார்த்தாண்டம் பாலத்துக்குள்
வட்டியோடு வாங்கிவிடுவான்.

ஆடியில் ஆரல்வாய்மொழிக்குச் சரக்கு.
போகையில் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்,
திரும்புகையில் நெஞ்சில் கைவைக்கும்.
இருபக்கமும் காற்றாடிகள்
யார் வீட்டுக்கோ கறண்டு சுற்ற,
நடுவில் நான்
கண்ணாடியை ஏற்றி, ஏசியை அணைத்து,
வியர்த்து ஒழுக
நாற்பத்தைந்தில் உருள்வேன்.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான்.
அடிக்கட்டும்.
அவனுக்கு முக்குக்கு முக்கு டீசல் உண்டு.

"நூறு வரை ஏத்தாதீங்க டாடி.
இருபதுக்குக் கீழே விடாதீங்க.
ஓடி வந்த சூட்டோட ஒயரைச் சொருகாதீங்க."
அக்ஸிலியா நர்சிங் படித்தவள்,
பேட்டரிக்கும் மருந்துச்சீட்டுதான்.
எண்பதானால் தானே நிற்கும்படி
அவள் போனில் ஏதோ அமைத்தாள்.
அன்றுமுதல்
ராத்திரி பத்துக்கு ஒயர்,
டயருக்கு ஒரு தட்டு,
பிறகு எனக்குத் தூக்கம்.

ஜெர்மனிக்கு அவள் கிளம்பிய முந்தின ராத்திரி
"நூறா வைக்கட்டா?" என்றாள்.
திருவனந்தபுரம் நாற்பது கிலோமீட்டர்,
போய்வர எண்பதே மிச்சம்.
அது அவளுக்கும் தெரியும்.
"வை" என்றேன்.

டெட்டால் விட்டு இருமுறை கழுவிய வண்டி.
ஷீட் நிறுக்கும் தராசில்
நாலு தடவை ஏறி இறங்கிய இரண்டு பெட்டி,
ஒவ்வொன்றும் இருபத்துமூன்று, கிராம் பிசகாமல்.
லீமா றோஸ் முதல்முறையாகப் பின்சீட்டில்,
மூக்கைப் பொத்தவில்லை.

திரும்பும்போது பாலராமபுரத்தில் கவனித்தேன்:
ஓடிய தூரத்துக்கு இறங்கவேண்டிய எண்
இறங்கவில்லை.
நெய்யாற்றின்கரையில் இரண்டு கிலோமீட்டர்
கூடவே காட்டியது.
வண்டிக்கு என்ன தெரியும்,
கனம் குறைந்தது, அவ்வளவுதான் அதற்கு.
எத்தனை வருடம் அந்த எண் கூடவேண்டுமென்று
வியர்வையில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏசியை முழுசாகத் திருப்பினேன்.
களியக்காவிளை வரை தொண்ணூறில் மிதித்தேன்.
"மெதுவா போங்க" என்று
லீமா றோஸ் சொல்லவில்லை.

இப்போதும் அந்தக் கணக்கு அவள் போனில்தான்.
இங்கே மூன்று மணிக்கு எண்பது நிறைந்தால்
அங்கே பத்தரைக்கு அவள் தலைமாட்டில் ஒரு மணி அடிக்கும்.
"உங்க போனுக்கு மாத்திரலாம் அண்ணாச்சி,
அஞ்சே நிமிஷம்" என்கிறான்
மொபைல் கடை பெர்ஜின்.
"பைய பார்ப்போம் மக்கா.
ஷீட் விலை எறங்கிக் கெடக்கு" என்றேன்,
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ.

இன்று காலை அவள் செய்தி:
"டாடி, நேத்து பத்தொம்பது வரைக்கும் விட்டிருக்கீங்க."
பத்துகாணி ஏற்றம், மோளே, என்று பதில் போட்டேன்.

நேற்று நான் பத்துகாணிக்கே போகவில்லை.