எழுபத்து மூவாயிரத்துச் சொச்சம்

சித்திரையில் முள் நடுங்கத் தொடங்கியது,
குளிர்காய்ச்சல்காரன் கையில் டம்ளர் போல.
ஆடிக்காற்று வருவதற்குள் படுத்துவிட்டது,
பூஜ்யத்தில் தலை வைத்து.

அதன்பின் காதால்தான் ஓட்டினேன்.
நாற்பதில் பின்கதவுக் கண்ணாடி பேசும்.
அறுபதில் எண்ணெய் டின்கள் ஒன்றையொன்று இடிக்கும்.
எண்பதில் என் ஓரகத்தி வேலாத்தாள்
பேச்சை நிறுத்திக் கதவைப் பிடிப்பாள்.
அதற்கு மேல் போனதில்லை.

வெள்ளகோவில் செக்கிலிருந்து மூலனூர், தாராபுரம்,
சில நாள் கரூர்வரை கடலெண்ணெய் போட்டது
இந்தத் தொண்ணூற்றேழாம் வருசத்து மாருதி.
ஒருகாலத்தில் வெள்ளை.

மாசியில் சென்னியப்பன் என்பவர் விலைக்குக் கேட்டார்.
"மீட்டர் ஓடுதுங்களா?"
"ஓட வெச்சுத் தர்றனுங்க."
வாய் முந்திக்கொண்டது.

காங்கயம் ரோட்டில் அயூப் பட்டறை.
ஸ்பேனரைத் தொடவில்லை அவன், ஒன்றே கேட்டான்:
"முள்ளு மட்டுங்களா, கிலோமீட்டரும் நின்னுபோச்சுங்களா?"
"ரெண்டும்."
"அப்ப மீட்டர் மேல பழி சொல்லப்படாது. ஒயருங்க."

கியர்பாக்ஸ் பக்கம் ஒரு மரை.
மீட்டர் முகத்தில் நாலு திருகாணி.
மேல்முனையை நான் பிடித்துக்கொள்ள
கீழ்முனையை அவன் விரலால் திருகினான்.
என் விரலுக்குள் ஒன்றுமே வரவில்லை.
உள்கம்பியை உருவினோம்.
பாதிதான் வந்தது,
துருவும் பழைய கிரீசும் பூசிய அரைமுழம்.
மீதி உள்ளேயே.

"புதுசு போட்டுரலாமா?" என்றேன்.
அவன் டேஷ்போர்டுக்கு அடியில்
மல்லாந்து படுத்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு,
"டேப் மாட்டுனது யாருங்க?"
மூன்று வருசத்துக்கு முந்தி ஒரு பையன்.
பாட்டுக்கு இடம்பண்ண ஒயரை
ஆட்டுக்காதுபோல் மடித்துச் செருகியிருக்கிறான்.
"இந்த மடிப்ப எடுக்காம புதுசு போட்டா
அதுவும் அங்கியேதான் அறும்."

டேப்பைக் கழற்றினோம். வளைவு அகலமானது.
புதுக்கம்பிக்குக் கிரீஸ் தடவினான்,
மேலே ஒரு சாண் விட்டுவிட்டு.
"மீட்டருக்குள்ள ஏறுச்சுன்னா
முள்ளு ஒட்டிக்கும்."

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக்
கையால் சுற்றினேன்.
முள் கண்விழித்தது, ஒரு நூல் அளவு.

ரோட்டுக்கு வந்தோம். பின்சீட்டில் வேலாத்தாள்,
யார் யாருக்கு எப்போது கண்ணாலம் என்று
சொல்லிக்கொண்டே வந்தவள்
சட்டென்று நிறுத்திக் கதவைப் பிடித்தாள்.
முள்ளைப் பார்த்தேன்.
ஐம்பத்திரண்டு.

நம்பவில்லை. கல்லுக்குக் கல் எண்ணச் சொன்னேன்.
ஒரு கிலோமீட்டருக்கு அறுபத்தொன்பது நொடி.
கணக்குச் சரி. முள் பொய் சொல்லவில்லை.
எட்டு மாசமாக எனக்குப் பின்னால்
ஆரன் அடித்த அத்தனை லாரிக்காரர்களும்
நியாயவான்கள்.

மீட்டரில் எண் 73,418-லிருந்து
ஒன்றுமே நடக்காததுபோல் மேலே ஏறியது.
"நடுவுல ஓடுனது?" என்றேன்.
அயூப் கையைத் துடைத்தான்.
"யாருங்க கேக்கப் போறா?"

ராத்திரி செலவு நோட்டை எடுத்தேன்.
ஆடியிலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டு லிட்டர்.
லிட்டருக்குப் பதினாறு.
இரண்டு தரம் பெருக்கிப் பார்த்தேன்,
குறையுமா என்று.
சீட்டில் எழுதி மீட்டருக்குக் கீழே
கறுப்பு டேப்பால் ஒட்டினேன்:
"இத்தோடு 9,792 கூட்டிக்கொள்ளவும்."

சென்னியப்பன் சீட்டைப் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத்
திரும்பவும் படித்தார்.
நாலாயிரம் குறைத்துக் கொடுத்தார்.
"ஒரு துண்டுக் காயிதத்துக்கு நாலாயிரமா!"
வேலாத்தாள் அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

வண்டி வாசலைத் தாண்டி
மேட்டில் திரும்பி வேகம் பிடித்தது.
பின்கதவுக் கண்ணாடி பேசும் சத்தம்
இங்கே வரைக்கும் கேட்டது.
நாற்பது, என்றது காது.
இல்லை.
இருபத்தாறு.