நாலு விரற்கடை

ஸ்பீக்கர் இரண்டும் ஏலத்தில் எடுத்தவை.
சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனம்
அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போனபோது
ஜெனரேற்றர், மேசை, மின்விசிறி என்று எல்லாம் முதலில் போய்
இவை மட்டும் மூலையில் கிடந்தன, விலை கேட்க ஆளில்லாமல்.

உவர்மலை வாடகைவீட்டு முன்னறையில்
தையல் நாடாவால் அளந்தேன்.
இதிலிருந்து அதற்கு ஏழடி.
அதிலிருந்து கதிரைக்கு ஏழடி.
கதிரையிலிருந்து திரும்ப இதற்கும் ஏழடி.
பின்சுவரை விட்டு மூன்று சாண் தள்ளி,
முகம் இரண்டையும் என் பக்கம் சற்றே திருப்பி,
மேலே உள்ள சின்ன வட்டம் காதுயரத்துக்கு வர
அடியில் கொங்கிறீற் கல்.

இப்படி வைத்தால்
பாடுகிறவள் பெட்டிக்குள் இருக்கமாட்டாளாம்.
இரண்டுக்கும் இடையில்
ஒன்றுமே இல்லாத இடத்தில் வந்து நிற்பாளாம்.

வந்தாள்.
இடப்பக்கம் ஒரு முழம் விலகி
கலண்டர் ஆணிக்கு நேரே நின்றாள்.

யன்னல்தான் காரணம் என்று நினைத்தேன்.
வலப்பக்கம் யன்னல், அதற்கப்பால் உள்துறைமுகம்.
அந்தப் பக்கம் போகிற சத்தம் திரும்பாது,
மூதூர் மட்டும் போய்விடும்.
இடப்பக்கம் வெறுஞ்சுவர். வாங்கியதை அப்படியே திருப்பித் தரும்.
முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தி
கதிரையிலிருந்து ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில் பென்சிலால் குறித்து
போர்வையை மடித்து அறைந்தேன்.
வீட்டுக்காரர் கேட்டால் ஈரக்கசிவு என்று சொல்லலாம்.
அவள் ஆணியை விட்டு அசையவில்லை.

வயர்களை மாற்றிச் செருகினேன்.
வலம் இடமாயிற்று, இடம் வலமாயிற்று.
அவள் அதே இடம்.

அம்பிளிஃபையரைப் பார்க்கக் கிண்ணியாவிலிருந்து ரிஸ்மின் வந்தார்.
பலன்ஸ் குமிழ் உப்புக்காற்றில் இறுகிவிட்டது,
திருகினால் கையோடு வரும் என்றார்.
பிறகு கதிரையில் இருந்து கண்ணை மூடினார்.
"நடுவுலதானே அக்கா நிக்குறா,
மூக்குக்கு நேரா."
தேத்தண்ணியைக் குடித்துவிட்டு
காசு வாங்காமல் போனார்.

அன்றிரவு கதிரையைத் திருப்பிப் போட்டேன்.
ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி இருந்தேன்.
இப்போது யன்னல் என் இடப்பக்கம், சுவர் வலப்பக்கம்.
சுவர்தான் இழுக்கிறதென்றால்
அவள் வலப்பக்கம் போயிருக்க வேண்டும்.
போகவில்லை.
அறையைக் கடந்து யன்னலடிக்கு வந்து
என் இடக்காதோடு நின்றாள்.

அறையில் பிழையில்லை.

கொட்பே ஐஸ் பக்டரியில் பதினொரு வருஷம்.
என் மேசைக்கு வலப்பக்கம் கொம்பிறெசர் அறை,
வெக்கை என்று கதவு திறந்தே கிடக்கும்.
எத்தனை பார் வந்தது, எத்தனை பார் ஏறியது,
எத்தனை உருகிப் போனது என்று
நாள் தவறாமல் எழுதினேன்.
இந்தக் கணக்கு எந்தக் கொப்பியிலும் இல்லை.

போனை எப்போதும் இடக்கையில் எடுக்கிறேன்.
சந்தைக்குப் போகையில் தயாளினியை
இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம் வா என்று
இழுத்துக்கொண்டே நடக்கிறேன்.
அது பாசம் என்று அவளும் நினைத்திருந்தாள், நானும்.

வலப்பக்க ஸ்பீக்கரை ஒரு விரற்கடை
என் பக்கம் இழுத்தேன். இருந்து கேட்டேன்.
எழும்பி இன்னொன்று.
மூன்றாவதில் அவள் ஆணியை விட்டாள்.
நாலாவதில், பொட்டு வைக்கிற இடத்துக்கு நேரே,
மூச்சு எடுப்பதுகூடத் தெரிகிற கிட்டத்தில்.

வருகிறவர்கள் ஒன்று முன்னுக்கு நிற்குதே என்று
காலால் தள்ளப் பார்க்கிறார்கள்.
அது அப்படித்தான் என்கிறேன்.
இந்தக் கதிரையில் வேறு யார் இருந்தாலும்
அவள் யன்னல் பக்கம் போய்விடுவாள்.

காலையில் பஸ் நிலையத்தடியில் மான் ஒன்று
ஒரு காதை என் பக்கமும்
மற்றதைக் கடலை வண்டிப் பக்கமும் வைத்து
தனித்தனியாகத் திருப்பிக்கொண்டு நின்றது.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
பஸ் இடப்பக்கமிருந்து கேட்டது.
வலப்பக்கமிருந்து வந்தது.