முடியின் நிறம்

தொண்ணூற்று மூன்று ஜூலை, மர்ஃபி டவுன்.
நியூஜெர்சியிலிருந்து வந்த பிரகலாதன்
சோப்புக்கட்டிகளுக்கும் பாதாம் பொட்டலத்துக்கும் நடுவிலிருந்து
ஒரு கேசட்டை உருவி
எங்கள் கடை மேசையில் வைத்தான்.
அட்டையில் தலைக்கவசம் போட்ட பெண்.
பின்னால் மலை மாதிரி ஓர் இரும்பு ஆள்.
முதுகில் விலைச்சீட்டு:
முப்பத்தொன்பது டாலர், தொண்ணூற்றைந்து சென்ட்.

இருதயநாதன் அண்ணன் சிகரெட் அட்டையில் பெருக்கிப் பார்த்தார்.
என் மூன்று மாதச் சம்பளம்.
இரண்டே எபிசோடு. ஐம்பது நிமிஷம்.
"ஜப்பான்காரன் வரைஞ்சது, அமெரிக்காக்காரன் விக்கிறான்.
இங்கிலீஷ்லயே பேசற டேப்பு பத்து டாலர் கம்மி.
இது எழுத்துப் போட்டது."
"பேச்சுக்குக் கம்மி, எழுத்துக்கு ஜாஸ்தியா?
மேயோ ஹால் வாசல்ல மனு எழுதறவன்
அங்கேயும் போய்ட்டானா?"

போட்டோம். படம் ஓடவில்லை, உருண்டது.
எஸ்.பி. ரோட்டு அல்தாஃப் வந்து
டிவியின் முதுகைக் கழற்றி
ஸ்க்ரூடிரைவர் நுனியால் எதையோ திருகினான்.
அவள் கால் மேலே இருந்தது, தலை கீழே,
இடையில் ஒரு கறுப்புப் பட்டை.
இங்கிலீஷ் வாக்கியம் வானத்தில் கொஞ்சம் தயங்கி
மெதுவாக இறங்கி
அவள் பாதத்துக்கு அடியில் உட்கார்ந்தது.
கலர் மட்டும் வரவில்லை.
"அது அமெரிக்காவுலயே இறங்கிடுச்சு" என்று
இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு போனான்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கி, தலைக்கு இரண்டு ரூபாய்.
ஆட்டோக்காரர்கள், பேக்கரிப் பையன்கள்,
தையல் கடை மும்தாஜ், அவள் தம்பிகள்.
எழுத்தை உரக்கப் படிக்க நான்.
ரிவைண்ட் செய்வதற்கும் ரசீது போடுவதற்கும்தான்
என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள்.
வாக்கியங்கள் நிற்பதில்லை.
ஆர்பிட் என்று ஒன்று ஓடியது,
தமிழ் தேடுவதற்குள் போயேவிட்டது,
"ரிங் ரோடு" என்றேன்.
எல்லோருக்கும் புரிந்தது.

அவள் கவசத்தைக் கழற்றினாள்.
முடி இடுப்புவரை விழுந்தது. சாம்பல்.
"பச்சை" என்றேன் நான்.
"ஊதா. என் கண்ணுக்குத் தெரியுது" என்றார் அண்ணன்.
இரண்டு மசாலா தோசை பந்தயம்.
ஒவ்வொரு ராத்திரியும் கட்சி மாறினார்கள்,
ஒருவன் கறுப்பு என்று சொல்லி
எல்லோரிடமும் திட்டு வாங்கினான்.

கடைசியில் அவள் கை நெம்புகோல்மேல் இருக்கும்.
இழுத்தாளா?
அது அடுத்த டேப்பில்.
அடுத்த டேப் அடுத்த மாதம் விற்பனைக்கு வருகிறது என்று
பிரகலாதன் ஒரு கடிதம் போட்டான்.
பிறகு அவனுக்குக் கல்யாணம்.
பிறகு ஒன்றும் போடவில்லை.

ஒரு ராத்திரி, டேப் தீர்ந்து
திரை வெறும் புள்ளிகளாய் இரைந்துகொண்டிருந்தது.
யாரும் எழவில்லை.
மும்தாஜின் கடைசித் தம்பி, "படிங்கக்கா" என்றான்.
நான் அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் படித்தேன்.
இழுத்தாள் என்று படித்தேன்.
இரும்பு ஆள் எழுந்து ரிங் ரோடைத் தாண்டியது என்று படித்தேன்.
மறுநாள் அவன் வந்தபோது
அவள் இழுக்கவில்லை.
அதற்கும் இரண்டு ரூபாய் கொடுத்தான்.

போன மாதம், மெட்ரோவில்,
ஹலசூரு தாண்டும்போது போனில் கிடைத்தாள்.
இருபத்தாறு எபிசோடும், இலவசமாக.
கழுவிவைத்த மாதிரிப் படம்.
எழுத்து அசையாமல் கீழேயே இருக்கிறது.
கவசத்தைக் கழற்றினாள்:
ரோஸ்.
பச்சையுமில்லை, ஊதாவுமில்லை,
எங்கள் பேக்கரியின் தேங்காய்ப் பன்னுக்கு மேலே
அந்தக் காலத்தில் தடவும் ரோஸ்.
இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது.
நெம்புகோல்வரை பார்த்தேன்.

கடையில் இப்போது ஜெராக்ஸ் ஓடுகிறது.
அண்ணனுக்குப் படத்தை அனுப்பினேன்,
இரண்டு பேரும் தோற்றோம், தோசைக்கு யார் காசு, என்று.
அன்று பதில் இல்லை.
மறுநாள் காலை ஆறு மணிக்கு
குரல் செய்தி, இருமலோடு:
"ரெஜீனா, உன் போன்ல கலர் சரியில்ல.
அல்தாஃப்கிட்ட காட்டு."