பி பக்கம், கடைசிப் பாட்டு

துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த சீடி என்று
பளீல் நானா கண்ணாடி மேசையில் வைத்தார்.
சாம்பல் நிறக் கடற்கரையில் ஐந்து வெள்ளைச் சட்டைகள்.
கிட்டார் இல்லை, ட்ரம்ஸ் இல்லை,
ஐந்து தொண்டைகள் மட்டும்.
"அயர்லாந்துப் பொடியன்மார். முதல் ஆல்பமாம்.
ஒரு கிழமைக்குள்ள வெள்ளவத்தை முழுக்கக் கேட்கும், பார்."

எனக்குப் பதிகிற வேலை.
இரண்டு டெக், ஒரு மின்விசிறி,
லேபிள் எழுத ஒரு நீலப் பேனா.
ஆல்பம் அறுபத்துமூன்று நிமிடம்.
நாடா அறுபது.
தொண்ணூறு நிமிட நாடாவுக்குப் பன்னிரண்டு ரூபா கூட.
நானா கணக்குப் பார்த்தார். கணக்கு வென்றது.

கடைசிப் பாட்டில்
ஒருவன் தனியாக மேலே ஏறுகிறான்,
மற்ற நால்வரும் வாய் திறக்காமல் கீழே தாங்குகிறார்கள்,
அவன் "வின்" என்கிறான்,
டக்.

நாடாவுக்கு நாடா ஒரு விநாடி முன்பின் இருந்தது.
அறுவது அறுகிறது, நறுக்கென்று அறட்டும் என்று
நானே அங்கே நிறுத்தப் பழகினேன்.
பெருவிரலுக்கு அந்த இடம் மனப்பாடம்.

வின்டரா, வின்டோவா, வின்னரா
நூறாம் நம்பர் பஸ்ஸில் பந்தயம் கட்டினார்கள்.
டியூஷன் மாஸ்டர் தேவசகாயம்
ஒரு பிரதி வாங்கிக்கொண்டு சொன்னார்:
"அதுவும் தீவுதான் தம்பி.
அங்கேயும் சென்றி இருந்ததாம்.
அங்கேயும் வடக்கு என்றால் குரலைத் தாழ்த்துவினமாம்."
பிறகு குரலைத் தாழ்த்தி
மிச்சக் காசு கேட்டார்.

ரொசெல் கொட்டாஞ்சேனையிலிருந்து
இரண்டு பஸ் மாறி வந்தாள், முறைப்பாட்டோடு.
"அண்ணா, மிச்சம் எங்கே?"
நானா வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.
"பாட்டு அவ்வளவுதான்," என்றேன்.
"அங்கேதான் நிப்பாட்டுவாங்க. அது அவங்கட ஸ்டைல்."
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு தலையாட்டினாள்,
இசை தெரிந்தவர்கள் ஆட்டுவதுபோல.

நத்தாருக்கு முந்தின ஞாயிறு
அவளுடைய பாடகர் குழு பாடியது.
மூன்று இடத்தில் அடையாள அட்டை காட்டிப் போய்ச் சேர்ந்தேன்,
கடைசி வாங்கில் இடம்.
ஐந்து பெண்கள். நால்வர் தாங்க,
ரொசெல் ஏறினாள், ஏறினாள்,
"வின்" என்று நின்றாள்.

என் டெக் நிறுத்துவதுபோல அல்ல.
நாக்கை மேலே ஒட்டவைத்து
அந்த னகரத்தை மட்டும் பிடித்திருந்தாள்,
அது தானாகவே மெலிந்து போகும்வரை.
ஒருவரும் கை தட்டவில்லை.
மின்விசிறிகள் கேட்டன.
வெளியே ஏதோ ட்ரக் ரிவர்ஸ் எடுத்தது.

"இங்கிலிஷ் பாட்டென்றாலும்
கடைசியில் விண் என்று தமிழில் முடித்தீர்களே,"
பாதர் மகிழ்ந்துபோனார்.
ரொசெல் சனத்துக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
நான் செருப்பைப் பார்த்தேன்.

அடுத்த வருஷம் நானா கடையை மாற்றினார்,
இப்போது அங்கே போன் கவர் விற்கிறார்கள்.
அவள் எங்கே என்று தெரியாது.
தேடவில்லை என்பதும் உண்மை.

நேற்றுப் பம்பலப்பிட்டி சூப்பர் மார்க்கெட்டில்
மைசூர்ப் பருப்பு நின்ற வரிசையில்
கூரையிலிருந்து அந்த ஐந்து பேர் இறங்கினார்கள்.
ஒருவன் ஏறத் தொடங்கினான்.
என் பெருவிரல்
பருப்புப் பக்கெட்டை அழுத்திற்று.
பாட்டு நிற்கவில்லை.

வின்டோ.
ஒரு ஜன்னல். யாரோ ஒருத்தி அதைச் சாத்துகிறாள்.
அதன்பின் மூன்று நிமிடம்
பாடிய வரியையே திரும்பப் பாடுகிறார்கள்,
நடுவில் கைதட்டல், அதுவும் மெஷின் தட்டியது.
சட்டை கசங்காமல் முடித்துக்கொள்கிறார்கள்.

முழுதாகக் கிடைத்திருந்தால்
ரொசெல்லே வெட்டியிருப்பாள் என்று
எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.
பாதி நம்பினேன்.

காசாளர்ப் பிள்ளை பில்லைக் கிழித்தாள்.
மிச்சத்துக்குச் சில்லறை இல்லை,
டொபி எடுக்கிறீங்களா என்றாள்.
எடுத்தேன்.