மூன்றாம் வளைவு

திரானாவின் பெரிய சதுக்கத்தில்
பதினோரு வருடம் வெள்ளைக் கையுறையோடு நின்றேன்.
நாளைக்கு ஏழெட்டுக் கார்கள் வரும்,
எல்லாம் கறுப்பு, எல்லாம் கட்சிக்காரர்களுடையவை.
மற்ற நேரம் சைக்கிள்களுக்குக் கை காட்டினேன்.
அதுவும் இல்லாதபோது
காற்றுக்கு.

பிறகு ஒரு வசந்தத்தில் கப்பல் கப்பலாய் வந்திறங்கின
ஜெர்மனியில் யாரோ ஓட்டித் தேய்த்த மெர்சிடஸ்கள்.
சிவப்பு விளக்கில் நிற்காத வியோல்ட்சாவை மடக்கினேன்.
பள்ளியில் கணக்கு டீச்சர்.
"நாற்பத்தைந்து வருடம் சிவப்புக்கு நின்றாயிற்று,
போதாதா?" என்றாள்.
பேனா எழுதவில்லை.
குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது எல்பசான் சாலை, மூன்றாம் வளைவு.
அத்திமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறேன்.
எவனும் வேகமாக வருவதில்லை.
வளைவைத் தாண்டிப் போகிறவன்
எதிரே வருகிறவனுக்கு
முன்விளக்கை இரண்டு முறை சிமிட்டிவிடுகிறான்:
போலீஸ் இருக்கிறது, பார்த்துப் போ.
முகம் தெரியாது, ஊர் தெரியாது,
இனி ஒருபோதும் சந்திக்கப்போவதில்லை.
சட்டப்படி அதுவும் குற்றம்தான்.

என் அண்ணன் சோத்திரை வண்டியில் ஏற்றிய விடியலில்
எங்கள் மாடிப்படியில் ஐந்து வீட்டுக்கு
முந்தின இரவே தெரிந்திருந்தது.
ஒருவர் இருமியிருக்கலாம்.
ஒரு கதவு கொஞ்சம் பலமாய்ச் சாத்தப்பட்டிருக்கலாம்.

இந்த மாதம் வசூலே இல்லையே,
வேறு வளைவுக்கு மாற்றட்டுமா என்கிறார் மேலதிகாரி.
இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

வேலை முடிந்து என் பழைய காரில் திரும்பும்போது
எதிரே உருளைக்கிழங்கு மூட்டைகளோடு ஒரு லாரி.
இரண்டு முறை சிமிட்டினேன்.
லாரி வேகம் தணிந்தது.
வளைவில் அப்போது
யாருமே இல்லை.